பங்குனித் திங்களில் பட்ட மீன்

என் கணவர் குறை சொல்லாமல் சாப்பிட்ட நாள் ஒன்று எங்கள் முப்பது வருடக் கலியாண வாழ்க்கையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. புட்டு அவித்தால் கட்டி என்பார். அடுத்த நாள் உதிர்த்து அவித்தால் மணல் என்பார். சொதி வைத்தால் கரண்டியால் ஒருமுறை கலக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஆரும் குளிச்சவையோ?" என்று கேட்பார். அது வீட்டோடு நிற்காது. பஸ் ஒரு நிமிடம் பிந்தினாலும் குறை, ஒரு நிமிடம் முந்தி வந்தாலும் குறை. மேல்வீட்டுக்காரர் கடதாசிக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுகிறார் என்று யன்னலால் எட்டிப் பார்த்து, பிழையாகப் போட்டால் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அதற்குத்தான் சம்பளமும் கொடுத்தார்கள். பான் நகரத்துக்கு வெளியே, பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், ஓடுகிற பட்டியில் வரும் சாமான்களில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்தைந்து வருடமாக அவருடைய வேலை. கீறல், வெடிப்பு, நிறம் மங்கல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது, அவ்வளவுதான். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்ப நீங்களே சமையுங்கோ" என்று கரண்டியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டைதான் எங்கள் வீட்டின் சத்தம். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று வேறு ஊர்களுக்குப் போன பிறகு, அந்தச் சத்தம் இருந்தபடியால்தான் வீடு வீடாக இருந்தது.

போன வருடம் இளவேனிலில் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். இவரை வயதைச் சொல்லி முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். இரண்டு வாரம் வீட்டில் என் அடுப்படியைச் சோதித்தார். மூன்றாவது வாரம், "ஆத்தில மீன் பிடிக்கப் போறன்" என்றார். ரைன் ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கரையில் தூண்டிலோடு நிற்பவர்களை இவர் கன காலமாகக் குறை சொல்லிக்கொண்டு வந்தவர். தான் நின்றால் சரியாக நிற்பேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட முடியாது. வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், தூண்டில் தடியைப் பொருத்திக் காட்ட வேண்டும், மீன் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பிறகுதான் அனுமதி அட்டை. இவருக்கு ஜேர்மன் பேச வரும், வாசிக்கத்தான் பஞ்சி, சோம்பல். "நீரும் வாரும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிற எனக்கு சனி ஞாயிறுகளில் நித்திரைதான் தேவைப்பட்டது. இருந்தாலும் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து எழுதினேன்.

நான் பாஸ் பண்ணினேன். அவர் பெயில்.

எழுத்துப் பரீட்சையில் அவருக்குத்தான் என்னைவிடக் கூடப் புள்ளி. தடியையும் அழகாகப் பொருத்தினார். மீன் படங்களில்தான் வந்தது வினை. ஒரு படத்தைக் காட்டி, இது என்ன மீன் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பெயரைச் சொல்லாமல் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "படம் பிழை, செட்டையை முன்னுக்குத் தள்ளிக் கீறியிருக்கிறீங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த படத்திலும் நிறம் பிழையாம். மூன்றாவது படத்தோடு பரீட்சைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். வெளியில் வந்ததும், "இனி இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்" என்றார். என்னுடைய அட்டையைப் பார்த்து, என் படமும் நன்றாக இல்லை என்றார்.

ஐப்பசி மாதம் ஒரு காலை, கோதுமை மாப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர் நடுப்படியில் இருந்துவிட்டார். முகம் சாம்பல் நிறம். பெருமருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை. நான் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கும்பிடுவதற்குக் கோயிலும் இல்லை, படமும் இல்லை. எதிரே கோப்பி மெசின் ஒன்று நின்றது. அதைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மாளாச்சி, இந்த மனிசனை எனக்குப் பழையபடி ஆக்கித் தா. அதுவரைக்கும் நான் மச்சம் தொடமாட்டன்." மீனும் இறைச்சியும் முட்டையும் எல்லாம் எங்களுக்கு மச்சம்தான். மீன் இல்லாமல் ஒரு நாள் எனக்குச் சோறு இறங்காது என்பது அம்மனுக்குத் தெரியும். பெரிதாக எதையாவது கொடுத்தால்தானே பெரிதாகக் கேட்கலாம்.

நேர்த்தி வைக்கும்போது சொற்களைப் பார்த்து வைக்க வேண்டும். பிராங்பேர்ட்டில் இருக்கும் என் தங்கச்சி, அவளுடைய மகனுக்கு நேர்த்தி வைத்தபோது நாற்பத்தெட்டு நாள் என்று சொல்லி வைத்தாள். முடிந்த அன்றே கோழி வாங்கினாள். நான் பதற்றத்தில் "பழையபடி" என்று சொல்லிவிட்டேன். அதை எந்த டொக்டர் அளந்து சொல்வது?

மார்கழியில் அவர் வீட்டுக்கு வந்தார். டொக்டர், இதயம் நன்றாக வேலை செய்கிறது, உப்பைக் குறையுங்கள், தினமும் நடக்க வேண்டும் என்றார். மற்ற எல்லாம் சரி என்றார். வந்தவர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். அதிலேயே இருந்தார். முதல் நாள் உப்பில்லாத கஞ்சி கொடுத்தேன். குடித்தார். "எப்பிடி?" என்றேன். "நல்லாயிருக்கு" என்றார்.



அந்தக் கஞ்சியை நான் வாயில் வைத்துப் பார்த்தவள். அது நன்றாக இல்லை. அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்றார், அல்லது "ம்" என்றார். என்ன சமைக்கட்டும் என்றால், "உம்மட விருப்பம்." யன்னலைத் திறக்கவோ என்றால், "உம்மட விருப்பம்." மேல்வீட்டுக்காரர் கடதாசித் தொட்டிக்குள் போத்தல்களைப் போட்டார். நான் வேண்டுமென்றே, "அங்கை பாருங்கோ, என்ன செய்யிறார் எண்டு" என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "போடட்டும்" என்றார். நலம் விசாரிக்க வந்த சனம், "அண்ணை நல்ல சாந்தமா வந்திட்டார், அக்கா, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்றது. வாசலில் வைத்துச் சிரித்தேன். கதவைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். எனக்குச் சாந்தமான மனிசன் வேண்டாம். என் மனிசன்தான் வேண்டும். அந்தக் கதிரையில் வேறு யாரோ ஒரு நல்ல மனிதர் இருந்தார்.

தங்கச்சி தொலைபேசியில், "டொக்டர் சுகம் எண்டு சொல்லிப்போட்டார்தானே, ஏனடி இன்னும் கத்தரிக்காயோட கிடக்கிறாய்?" என்று கேட்டாள்.

"இன்னும் ஆகேல்லை" என்றேன்.

அவரிடம் நான் ஒரு வருட விரதம் என்றுதான் சொல்லியிருந்தேன். நீங்கள் திரும்பவும் என்னோடு சண்டை பிடிக்கும்வரைக்கும் என்று ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வது?

மாசி மாதம் பனி கரைந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நிலவறைக்குப் போய், பரீட்சைக்கு முதலே இவர் வாங்கி வைத்திருந்த தூண்டில் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் தந்த ரப்பர் மீனும், ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளும் அப்படியே பைக்குள் இருந்தன. அவருக்கு முன்னால் மேசையில் பரப்பி வைத்து, முள்ளில் நூலைக் கட்டினேன். வேண்டுமென்றே பிழையாகக் கட்டினேன். சப்பாத்துக்குக் கட்டுவதுபோல ஒரு முடிச்சு. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவிழ்த்து, இன்னும் கேவலமாக ஒன்று கட்டினேன்.

"உது கழண்டுபோம்" என்றார்.

இரண்டே இரண்டு சொல். ஐப்பசிக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் குறை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "அப்ப நீங்கள் கட்டுங்கோ" என்று தள்ளிவிட்டேன். கட்டினார்.

"சட்டப்படி நான்தான் தடி பிடிக்கலாம். உங்களுக்கு அட்டை இல்லை" என்றேன். "ஆனா மீன் வந்தா வலையால அள்ளிறதுக்கு ஒரு ஆள் வேணும். என்னால ரெண்டும் ஏலாது."

"உம்மட விருப்பம்" என்றார். ஆனால் மறுநாள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

நாங்கள் தேடிப் போன மீனை இங்கே சாண்டர் என்பார்கள். ஆற்றின் அடியில் கிடக்கும், பெரிய கண்ணாடிக் கண் வைத்த, முதுகில் ஊசி ஊசியாகச் செட்டை உள்ள மீன். வெள்ளைச் சதை, முள் குறைவு, குழம்புக்குத் திறம் என்று கேள்வி. குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் அசையாமல் கிடந்துவிட்டு, இளவேனில் தொடக்கத்தில் முட்டையிடுவதற்காகக் கரைப் பக்கம் ஏறும். முட்டையிடும் காலத்தில் பிடிக்கக் கூடாது. எங்கள் மாநிலத்தில் சித்திரைக்கு முன்பே, ஏப்ரல் முதலாம் திகதியோடு கதவு சாத்திவிடுவார்கள். பிறகு இரண்டு மாதம் தொட முடியாது. ஆகவே மாசியும் பங்குனியின் முதல் பாதியும்தான் எங்களுக்கு இருந்தது.

ஆற்றுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் கல்லணை ஒன்றில் இடம் பிடித்தோம். அணைக்கு அந்தப் பக்கம் ரைன் மண்ணிறத்தில் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். இந்தப் பக்கம், அணையின் மறைவில், தண்ணீர் சோம்பலாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டும் உரசுகிற கோட்டில்தான் எறிய வேண்டும். ரப்பர் மீன் அடியைத் தொடும்வரை விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றித் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். அது விழும்போதுதான் சாண்டர் கடிக்கும். இவர் மடக்குக் கதிரையில் போர்வையோடு இருப்பார். பிளாஸ்கில் மல்லிக்கோப்பி. சரக்குக் கப்பல்கள் நிலக்கரியும் மணலும் ஏற்றிக்கொண்டு எதிர்நீரோட்டத்தில் முக்கி முக்கிப் போகும்.

முதல் இரண்டு வாரம் தண்ணீர் கூட. மரக்கட்டைகள் மிதந்து வந்தன. ஒன்றும் படவில்லை. மூன்றாவது வாரம் தண்ணீர் இறங்கியது. ஒன்றும் படவில்லை. ஆனால் எனக்கு வேறு விஷயம் பட்டுக்கொண்டிருந்தது. "கிட்ட எறியிறீர்" என்றார் ஒரு நாள். "கெதியாச் சுத்திறீர்" என்றார் இன்னொரு நாள். பக்கத்து அணையில் நின்ற தாடிக்காரர் ஒருவரைப் பார்த்து, "அவன் நிக்கிற இடமே பிழை" என்றார். அந்தத் தாடிக்காரரோ ஒவ்வொரு நாளும் ஏதாவது மீன் கொண்டுபோனார், அது வேறு கதை. நான் ஒவ்வொரு குறையையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அப்படி அடக்கமாக நின்றது கிடையாது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி, சப்பாத்தைக் கழற்றியதும் அவர் மறுபடி அந்த நல்ல மனிதர் ஆகிவிடுவார். ஆற்றங்கரையில் வருகிற உயிர் படியேறும்போது இறங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் "ம்."

பங்குனி பிறந்து சில நாளில் ஒரு சின்ன மீன் வந்தது. இவர்தான் அள்ளினார். பரீட்சையில் படித்தபடி முதலில் கையை நனைத்து, என்னுடைய தையல் நாடாவை நீட்டி அளந்தார். நாற்பது சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் விட வேண்டும். முப்பத்தாறு. மறுபடி அளந்தார். முப்பத்தாறுதான். கல்லில் முழங்காலில் நின்று, மீனின் வயிற்றைத் தாங்கி, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது என் தோளைப் பிடித்தார். "நாடா இழுபட்டுப் போச்சு, புதுசு வாங்க வேணும்" என்றார். அன்று மாலை அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்குக் கறி வைத்தேன். நல்லாயிருக்கு என்றார்.

மார்ச் மாதத்தின் கடைசி நாள் திங்கட்கிழமையாக வந்தது. பங்குனித் திங்கள். அம்மனுக்கு உரிய நாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு மச்சச் சட்டியை அலுமாரியிலிருந்து எடுப்பதுகூட இல்லை. எனக்கு அன்று வேலை லீவு. முழுகி, விளக்கு வைத்து, மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தேன். இவர் வாசலில் சப்பாத்தோடு நிற்கிறார். கையில் வலை.

"இண்டைக்குத் திங்களப்பா" என்றேன்.

"நாளையில இருந்து ரெண்டு மாசம் ஏலாது."

"விரதமெல்லே?"

"நீர் எப்பவும் விரதம்தானே. இண்டைக்கு என்ன புதுசா? அதோட இவ்வளவு நாளும் கடிக்காத மீன் இண்டைக்கே கடிக்கப்போகுது? சும்மா நிண்டிட்டு வருவம்."

ஐப்பசிக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அதற்கு மேல் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறு வாரமாக ஒரு பெரிய மீன்கூட எங்களை எட்டிப் பார்க்கவில்லை. படாது என்கிற நம்பிக்கையில் போனோம். விரத நாளில் தூண்டிலோடு போகிறவளுக்கு அதைவிட வேறு என்ன நம்பிக்கை இருக்க முடியும்?

வெயில் சாய்ந்து, தண்ணீர் ஈய நிறமாகிற நேரம் கடித்தது.

பானையின் அடியில் பிடித்த சோற்றைக் கரண்டி தொட்டதுபோல, தடிக்குள்ளால் கைக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான். யோசிக்காமல் தூக்கினேன். தடி வளைந்தது. ரீல் கத்தியது.

"அம்மாளாச்சி!" என்றேன். அது பயமா, சந்தோஷமா, மன்னிப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

போர்வை ஒரு பக்கம், கதிரை ஒரு பக்கம். "தடியைத் தூக்கு!" என்று இவர் கத்தினார். "தூக்கெண்டுறன்! நூலைத் தளத்தாத! அந்தப் பக்கம் விடாத, கல்லுக்குள்ள ஓடிப்போடும்! என்ன செய்யிறாய், விசரி!" மீன் ஆழத்துக்கு இழுத்தது. நான் இழுத்தேன். கல்லணையின் விளிம்பில் பாசி. அவர் வலையோடு அதில் இறங்கினார். முழங்கால்வரை பனித்தண்ணீர். "இறங்காதேங்கோ! நெஞ்சு!" என்று நான் கத்த, "நெஞ்சு கிடக்கட்டும், நீ மீனைப் பார்!" என்று அவர் கத்தினார். பக்கத்து அணைத் தாடிக்காரர் தன் தூண்டிலை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தரம் வலை தவறியது. "உன்னாலதான்!" என்றார். இரண்டாவது தரம் உள்ளே விழுந்தது.

கல்லில் கிடத்தி அளந்தார். அறுபத்திரண்டு. பச்சையும் பொன்னும் கலந்த உடம்பு. கண் இரண்டும் வெளிச்சத்தை வாங்கி மின்னின. இவர் கையில் செட்டை குத்தி இரத்தம். கால்சட்டையிலிருந்து தண்ணீர் வடிகிறது. மூச்சு வாங்குகிறது. முகம் சிவந்திருந்தது. சாம்பல் இல்லை, சிவப்பு. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

பிறகுதான் எனக்கு மற்றது உறைத்தது. இன்றைக்குத் திங்கள். மீனைக் கொல்ல வேண்டியவள் நான். அட்டை என் பெயரில். தலையில் ஒரு அடி, பிறகு இதயத்தில் ஒரு குத்து, அப்படித்தான் படித்துத் தந்தார்கள். காலையில் விளக்கு வைத்த கை.

"விட்டிடுவமோ?" என்று கேட்டேன்.

அவர் மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தச் சிவப்பு மெல்ல இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"உம்மட விருப்பம்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பைக்குள்ளிருந்து குட்டைத்தடியை எடுத்துவிட்டேன். தன்னுடைய நாளில் இந்த மீனை அனுப்பியது அம்மன்தான், அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், கோபம் என்றால் என்னோடு வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரே அடி. மீன் அடங்கியது. கத்தியை எடுத்து, முன் செட்டைகளுக்கு நடுவே, படித்துத் தந்த இடத்தில் குத்தினேன். நிமிர்ந்து பார்த்தால், இவர் மறுபக்கம் திரும்பி நின்று, ஜக்கெற்றுக்கு மேலால் தன் நெஞ்சின் தழும்பில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியை ஆற்றில் கழுவினேன்.

"கெதியா முடிச்சிட்டீர்" என்றார். "அதுக்கு நோகேல்லை."

"இல்லை" என்றேன். "நோகேல்லை."

அன்றைக்கு மீனை வீட்டுக்குள் எடுக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் பால், தயிர், அம்மனுக்குப் படைத்த மிச்சம். ஐஸ் பெட்டிக்குள் வைத்து பல்கனியில் விட்டேன். வெளியில் குளிர் அதற்குப் போதும். தலையில் தண்ணீர் வார்த்து, மறுபடி விளக்கு வைத்து, நடந்ததை அம்மனுக்கு ஒளிக்காமல் சொன்னேன். அவள் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சிக்கும் சொன்னேன். அவள்தான் சிரிக்கவில்லை.

"பங்குனித் திங்களில மீனை அடிச்சனீயோ? உனக்கென்ன தலை கழண்டுபோச்சே?"

"அத்தான் என்னை விசரி எண்டு பேசினவர், தெரியுமோ?" என்றேன். "ஆத்தங்கரையில, எல்லாருக்கும் கேட்க."

"உண்மையாவோ?" என்றாள்.

செவ்வாய் காலை மீனை வெட்டினேன். செதில் அடுப்படி முழுக்கப் பறந்தது. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, பழப்புளி கரைத்துவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால். வாசம் எழும்பியதும் என் வாயில் நீர் ஊறியது. ஐந்து மாதமாகக் கத்தரிக்காய் தின்ற வாய். உப்பு டொக்டர் சொன்ன அளவுதான், அதாவது ஒரு கிள்ளு. சுவை பார்க்க ஏலாது. கண்ணால் குழம்பைப் பார்த்து இறக்கினேன்.

அவருக்குச் சோறு போட்டு, நடுத்துண்டை வைத்து, எதிரே இருந்தேன். எனக்குப் பருப்பும் கீரையும். அவர் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார்.

"எப்பிடி?"

"ம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு ஆறும் இல்லை. இனி அந்தக் கதிரை, அந்த யன்னல். நான் விரத நாளில் ஒரு உயிரைக் கொன்றதும் இந்த "ம்"முக்குத்தான். கீரையைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கண் கலங்கியது அவருக்குத் தெரியக் கூடாது.

அவர் இரண்டாவது வாயை வைத்தார். மென்றார். நிறுத்தினார். கையைத் தட்டில் வைத்துக்கொண்டு, குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தார். பட்டியில் வருகிற சாமானைப் பார்க்கிற அந்தப் பார்வை.

"வெந்தயத்தைக் கருக்கிப்போட்டாய்" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"புளியும் கூட. துண்டை ஆர் இந்தப் பருமனில வெட்டினது? இது என்ன சுறாவோ? உள்ளுக்குள்ள ஒண்டும் இறங்கேல்லை. உப்பு மருந்துக்கும் இல்லை. நான் பனித்தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு பிடிச்ச மீன். அதைக் கொண்டுவந்து இப்பிடித்தான் வைக்கிறதோ? இதைவிட அந்தத் தாடிக்காரனிட்டைக் குடுத்திருக்கலாம். அவன் வெண்ணெயில பொரிச்சுத் தின்னிருப்பான். அடுத்த முறை நான்தான் சமைக்கிறன், சொல்லிப்போட்டன். அதோட அந்தப் பரீட்சைக்கு எப்ப அடுத்த டெர்மின் திகதி எண்டு பார். நீ தடி பிடிக்கிற வடிவைப் பார்த்துக்கொண்டு என்னால சும்மா இருக்க ஏலாது."

நான் கையை நீட்டி, அவருடைய தட்டிலிருந்து ஒரு துண்டு மீனைப் பிய்த்து என் வாயில் போட்டேன்.

அவர் பேச்சை நிறுத்தி, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "என்னப்பா இது, விரதமெல்லே?"

"முடிஞ்சுது."

"ஒரு வருசமெண்டனீ? எப்ப முடிஞ்சது?"

"இப்பதான்" என்றேன். இன்னொரு துண்டு எடுத்தேன். வெந்தயம் கருகியிருந்தது. புளி கூட. உப்பு உண்மையிலேயே காணாதுதான்.